ஈட்டுக்கு வந்த செம்பு

மருதாசலத்துக்குத் தொழிலே சந்தேகப்படுவதுதான். பீளமேட்டில் ஒரு நூல் மில்லின் கேட்டில் நின்று, ஷிப்ட் முடிந்து வெளியே போகிறவர்களின் பையையும் டிபன் கேரியரையும் திறந்து காட்டச் சொல்வதற்கு மில் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. ஒருவர் நடந்து வருகிற தினுசைப் பார்த்தே மடியில் நூல்கண்டு இருக்கிறதா, வெறும் தொப்பையா என்று சொல்லிவிடுவார். கெட்டிக்காரர்தான், இல்லையென்று சொல்ல முடியாது. என்ன கஷ்டம் என்றால், வேலை முடிந்து சைக்கிளை எடுக்கும்போது அந்தப் புத்தியைக் கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வர அவருக்குத் தெரியாது.

வீட்டிலும் அதே சோதனைதான். பால்காரர் ஊற்றிய பாலில் விரலை விட்டுப் பார்ப்பார். மனைவி மாரியாத்தாள் சந்தையிலிருந்து வந்தால் பையை வாங்கி வைக்கிற சாக்கில் உள்ளே ஒரு நோட்டம் விடுவார். மகள் செவ்வந்தி கல்லூரியில் படித்த காலத்தில் கொஞ்சம் தாமதமாக வந்தால் எந்த பஸ், எங்கே நின்றது, டிரைவர் மீசை வைத்தவரா என்று கேட்பார். தப்பாக எதுவும் அகப்பட்டதில்லை. அகப்படவில்லை என்பதாலேயே அவருக்குச் சந்தேகம் கூடியது.

அவர்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்குப் பொதுவாக ஒரு கிணறு இருந்தது. வாளியோ குடமோ உள்ளே விழுந்துவிட்டால் எடுப்பதற்கு வேண்டிய பாதாளக் கரண்டி மருதாசலத்திடம் மட்டும்தான் உண்டு. ஓர் இரும்பு வளையத்தைச் சுற்றிலும் கொக்கிகள் தொங்கும். கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கித் துழாவ வேண்டும். அதில் ஒரு கொக்கி முன்பே உடைந்துபோய், மில் ஒர்க்‌ஷாப்பில் கம்பியை வளைத்துப் பற்றவைத்துக் கொண்டு வந்திருந்தார். அது மட்டும் மற்றவற்றைவிடத் தடித்து, வாயைக் கோணிக்கொண்டு நிற்கும். கரண்டி கேட்டு வருகிறவர்கள் ஈடாக ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டுத்தான் எடுத்துப் போக வேண்டும். எல்லா ஊரிலும் இருக்கிற வழக்கம்தான். மற்ற வீடுகளில் முகம் பார்த்து விட்டுக்கொடுப்பார்கள். மருதாசலம் கூடப்பிறந்த தங்கையிடமும் சருவச்சட்டியை வாங்கி வைத்துக்கொண்டுதான் கொடுத்தார். "கரண்டி திரும்பலீன்னா பாத்தரம் எங்களுது. இந்த ஊட்டுச் சட்டம் அதுதானுங்க" என்பார்.

இப்பேர்ப்பட்டவர் வீட்டில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது என்ன லேசான காரியமா? வந்தவர்களில் ஒருத்தன் அளவுக்கு மீறிச் சிரித்தான் என்று தட்டிக் கழித்தார். அடுத்தவன் சிரிக்கவே இல்லை, அவனையும் கழித்தார். கடைசியாக வந்தது கிணத்துக்கடவு லட்சுமணசாமியின் மகன் தமிழ்ச்செல்வன். பீளமேட்டிலேயே ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசர். படித்தவன், பணிவானவன், பார்க்கவும் லட்சணம். பெண் பார்த்துவிட்டு அவர்கள் போனதும் மாரியாத்தாள் சொன்னாள்.

"இந்த எடம் நல்ல எடமுங்க. இந்த ஒரு தடவ எதையும் நோண்டாம இருங்க."

நோண்டாதே என்று சொன்னது போதாதா? அதுவுமல்லாமல் மற்ற மாப்பிள்ளைகள் வந்தபோது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த செவ்வந்தி இந்த முறை தானாகவே போய்க் கேசரி கிண்டினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மருதாசலம் யாரிடமும் சொல்லாமல் கிணத்துக்கடவுக்குப் பஸ் ஏறினார்.

அங்கே டீக்கடையில் ஒருவர் பேச்சுவாக்கில் எடுத்துக் கொடுத்தார். "பையன் தங்கமுங்க. என்ன, போன வருசம் பொங்கல் முடிஞ்சு ஒரு பையத் தூக்கிட்டு எங்கியோ போனான், நாலு நாளாக் காணோம். கேட்டா கடலுக்குப் போனேங்கறான். கோயிலுக்குப் போனவன் மொட்டையாச்சும் போட்டிருப்பான், டூருக்குப் போனவன் போட்டோவாச்சும் காட்டுவான். ரெண்டுமில்லீங்க. இந்த வருசமும் போறானாமா."

மருதாசலத்துக்கு உள்ளுக்குள் ஒரு குஷி. அகப்பட்டுவிட்டது! கடலோரத்தில் எவளோ ஒருத்தி இருக்கிறாள், வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கப் போகிறான் என்று பஸ் ஏறுவதற்குள் முடிவு கட்டிவிட்டார். ஆனால் கையும் களவுமாகப் பிடிக்காமல் யாரையும் குற்றம் சொல்லக் கூடாது என்பது கேட் வாட்ச்மேனின் தர்மம். மறுநாளே பம்ப் கம்பெனி வாசலில் போய் நின்றார்.

"பொங்கலுக்குப் பொறவு கடலுக்குப் போறீங்களாமா தம்பி? நான் பொறந்ததுலிருந்து கடலப் பாத்ததில்லீங்க. நானும் கூட வாரனே?"

தமிழ்ச்செல்வனின் முகம் வெளுத்துப்போனதை அவர் கவனித்தார். ஆனால் பெண் கொடுக்கப் போகிற பெரியவர் தேடி வந்து கேட்கும்போது வேண்டாம் என்று சொல்லக் கொங்கு நாட்டில் யாருக்கு வாய் வரும்?

"அதுக்கென்னங்க மாமா, வாங்க" என்றான்.

புறப்படுவதற்கு முந்தின நாள் மருதாசலம் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனார். அலமாரியில் ஒரு பித்தளைச் செம்பு இருந்தது. அவர்கள் வீட்டுடையது அல்ல. கழுத்தில் 'ல' என்று புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது.

"யாருது இது?"

"கடேசி ஊட்டுக்குப் புதுசா குடி வந்திருக்காங்கல்ல, அவங்க கரண்டி வாங்கீட்டுப் போனாங்க" என்றாள் மாரியாத்தாள், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே.

"வந்து ஒரு வாரம் ஆகுல. அதுக்குள்ள வாளியப் போட்டுட்டாங்களா?"

"போட்டுட்டாங்க."

வேறு சமயமாக இருந்தால் கடைசி வீட்டுக்கே போய் விசாரித்திருப்பார். மனசெல்லாம் கடல்பக்கம் இருந்ததால் விட்டுவிட்டார். வேறொரு விஷயம்தான் வாயில் வந்தது. "நான் வந்ததும் செவ்வந்தி சங்கிலியக் குடு. ஆர்.எஸ்.புரத்துல குடுத்து அழிச்சுப் புது மோஸ்தர்ல செஞ்சுபோடலாம். கல்யாணம் இவனோட இல்லாட்டியும் எவனோடயோ ஆகத்தான போவுது?"

அது வெறும் சங்கிலி அல்ல. அவருடைய அப்பனும் பாட்டனும் அடுத்தவர் தோட்டத்தில் ஏர் ஓட்டியவர்கள். அந்த வம்சத்தில் முதன்முதலாக ஒரு கழுத்தில் ஏறிய தங்கம் அதுதான். தீபாவளி போனஸைத் தொடாமல் சேர்த்துச் சேர்த்து வாங்கி, செவ்வந்தி கல்லூரியில் சேர்ந்த அன்றைக்குத் தன் கையால் போட்டுவிட்டார். மாரியாத்தாள் நிமிராமல், "ஆகட்டும், வந்து பாத்துக்கலாம்" என்றாள். கல்லை விட்டுவிட்டு அரிசியைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தாள் என்பதை அவர் பார்க்கவில்லை.

நாகர்கோவில் போகிற திருவள்ளுவர் பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். தமிழ்ச்செல்வன் பையை மேலே வைக்கவில்லை. மடியிலேயே வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டான். பஸ் குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் பைக்குள் இரும்பு உரசுகிற சத்தம் கேட்டது.

"பையில என்னங்க தம்பி, கனமா இருக்குமாட்டத் தெரியுது?"

"குளிக்கற சாமானுங்க மாமா."

எந்த ஊரில் இரும்பைத் தேய்த்துக் குளிக்கிறார்கள்? அந்த நாளில் பேப்பரைத் திறந்தால் கடற்கரையில் தங்க பிஸ்கட் பிடித்த செய்திதான். போலீசைக் கண்டதும் மூட்டையைக் கடலில் தள்ளிவிட்டு ஓடுவார்கள், பிற்பாடு வந்து எடுப்பார்கள் என்று மில் கேட்டில் பேசிக்கொண்டிருப்பார்கள். எவளோ ஒருத்தி என்பதோடு கள்ளக்கடத்தலும் சேர்ந்துகொண்டது. மருதாசலம் தூங்கவே இல்லை. தூங்கினால் பையோடு இறங்கிப் போய்விடுவான் என்று ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருந்தார்.

விடிந்ததும் நாகர்கோவிலில் டவுன்பஸ் மாறி, அது நிற்கிற கடைசி ஊரில் இறங்கினார்கள். சங்குமுனை என்று அதற்குப் பேர். சர்ச்சுக்கு எதிரே ஓலை வேய்ந்த ஒரு டீக்கடை. கடைக்காரம்மாள் தெரேசம்மாள் இவர்களைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக வரவேற்றாள்.

"வா மக்கா! இந்த வருசமும் வந்துட்டியா? அந்தப் பிள்ள வரல்லியா?"

தமிழ்ச்செல்வனுக்கு டீ புரையேறியது. "இல்லீங்க அக்கா" என்றான், இருமலுக்கு நடுவில்.

"பாவம், அண்ணைக்கு என்ன அழுக அழுதா! எனக்க நெஞ்சே பொடிஞ்சு போச்சு கேட்டியா."

மருதாசலம் கண்ணாடிக் கிளாசை மெல்ல பெஞ்சில் வைத்தார். ஒரு பெண். அழுத பெண். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? இந்தச் சம்பந்தம் முடிந்தது என்று மனசுக்குள் கேட்டைச் சாத்திப் பூட்டுப் போட்டுவிட்டார். இப்படியே அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிடலாம். ஆனால் பையில் இருப்பது என்ன என்று தெரியாமல் போனால் செத்தாலும் கட்டை வேகாது.

"இன்னும் எவ்வளவு தூரமுங்க தம்பி?"

"வண்டி போகாதுங்க. நடந்துதானுங்க போகோணும். மலை ஒண்ணு ஏறி எறங்கோணும். நீங்க வேண்ணா இங்கியே இருங்க மாமா, நான் போயிட்டு..."

"அதெல்லாம் இல்லீங்க. வாரேன்."

தென்னந்தோப்பைத் தாண்டியதும் பனைமரம், பனைக்கு அப்புறம் தாழம்புதர், அதற்கு அப்புறம் பாறை. ஒற்றையடிப் பாதை ஆள் நடமாட்டம் இல்லாமல் முள் மூடிக் கிடந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மருதாசலம் ஏறினார். பாதி ஏறும்போதுதான் அவருக்கு வேறொரு யோசனை வந்தது. இவன் கள்ளக்கடத்தல்காரன் என்றால், தான் இங்கே வந்தது யாருக்குத் தெரியும்? கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒரு குஞ்சு குளுவான் இல்லை. பாறை இடுக்கில் ஒரு தள்ளு தள்ளினால் போதும்.

"நீங்க முன்னால போங்க மாமா, நான் பின்னால புடிச்சுக்கறேன்" என்றான் தமிழ்ச்செல்வன்.

"இல்லீங்க தம்பி, நீங்க முன்னால போங்க."

"பெரியவங்க நீங்க போங்க மாமா."

"தெரிஞ்சவங்க நீங்க போங்க."

இப்படி மரியாதையாகவே வழியை மறித்துக்கொண்டு ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் வெயிலில் நின்றார்கள். கடைசியில் பையன்தான் முன்னால் போனான். அவன் முதுகிலிருந்து கண்ணை எடுக்காமல் இவர் பின்னால் போனார்.

மலை உச்சியிலிருந்து கீழே பார்த்தபோது மருதாசலம் சந்தேகத்தைக்கூடக் கொஞ்சம் மறந்துவிட்டார். ரெண்டு பக்கமும் பாறை நீண்டு அணைத்துக்கொள்ள, நடுவில் கொஞ்சமாக ஒரு வெள்ளை மணல். மனுஷக் காலடி ஒன்று இல்லை. பாறைக்கு வெளியே கடல் முட்டிக்கொண்டிருந்தது. உள்ளே தண்ணீர் அசைந்து கொடுத்ததே தவிர அலையடிக்கவில்லை. மேலிருந்தே அடிமணல் தெரிந்தது. இத்தனை தண்ணீரும் யாருக்கும் பாயாமல் சும்மா கிடக்கிறதே என்று அவர் பங்குக்கு ஒரு வருத்தமும் பட்டார்.

கீழே இறங்கி, தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறையின்மேல் தமிழ்ச்செல்வன் பையைத் திறந்தான். முதலில் வந்தது மூக்கையும் சேர்த்து மூடுகிற பெரிய ரப்பர்க் கண்ணாடி. அடுத்தது வளைந்த ஒரு குழாய்.

"ஸ்நார்கெல்னு பேருங்க மாமா. கண்ணாடியப் போட்டுட்டு, கொழாய வாயில கடிச்சுட்டு, மூஞ்சியத் தண்ணிக்குள்ள வெச்சுட்டு மெதக்கலாமுங்க. மேல வழியா மூச்சு வரும். அடியில இருக்கற மீனெல்லாம் தொட்டி மீனாட்டத் தெரியுமுங்க. கோவளத்துல ஒரு வெள்ளைக்காரன்கிட்ட வாங்குனது."

"அதுல ஒண்ணும் இரும்பு இல்லீங்களே தம்பி."

 தமிழ்ச்செல்வன் பைக்குள் கையை விட்டு, சாக்கில் சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்தான்.

பாதாளக் கரண்டி. வளையத்தைச் சுற்றிக் கொக்கிகள். அதில் ஒன்று மட்டும் தடித்து, வாயைக் கோணிக்கொண்டு மருதாசலத்தைப் பார்த்தது.

அவருக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. எங்க ஊட்டுக் கரண்டி! செம்பில் வெட்டியிருந்த 'ல' கண்முன்னால் வந்து நின்றது. லட்சுமணசாமி. புதிதாகக் குடிவந்தவர்களும் இல்லை, வாளியும் விழவில்லை. மாரியாத்தாளே எடுத்துக் கொடுத்திருக்கிறாள், அதையும் ஈடு வாங்கிக்கொண்டு! அப்படியென்றால் டீக்கடைக்காரி சொன்ன அந்தப் பிள்ளை? அழுத பிள்ளை? எவளோ ஒருத்தி என்று இத்தனை தூரம் துரத்திக்கொண்டு வந்தாரே, அவள் கேசரி கிண்டிக்கொண்டு இவர் வீட்டிலேயே இருந்திருக்கிறாள்.

கேட்டில் நிற்கிறவனுக்குப் பின்பக்கச் சுவரில் ஓட்டை போட்டுவிட்டார்கள். கோபம் வந்தது. அதைவிட அதிகமாக அவமானம் வந்தது. ஆனால் திருடனிடம் கண்டுபிடித்துவிட்டேன் என்று முதலிலேயே காட்டிக்கொள்ளக் கூடாது. குரலை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"இதெதுக்குங்க?"

"ஒரு சாமான் விழுந்துபோச்சுங்க மாமா, அந்தப் பாறை எடுக்குல. கை போகமாட்டேங்குது. போன வருசம் கண்ணாடியோட மட்டும் வந்து பாத்தனுங்க, முடியில. அதான் இந்த வருசம் இதக் கொண்டாந்தேன்."

"என்ன சாமான்?"

"அது... சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்துப்போட்டனுங்க." அவன் அவர் முகத்தைப் பார்க்காமல் கயிற்றின் ஒரு முனையைக் கரண்டியில் கட்டினான், மறு முனையை அவர் கையில் கொடுத்தான். "நான் உள்ள போயி மாட்டி விடறேன். ஒரு இழுப்பு இழுத்தா கயித்தத் தளத்தி உடுங்க. ரெண்டு இழுப்பு இழுத்தா மேல இழுங்க மாமா."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கினான். குழாய் மட்டும் தண்ணீருக்கு மேலே நின்று மெதுவாக நகர்ந்தது. பாறை இடுக்குக்கு நேரே வந்ததும் குழாயும் முழுகியது. மூச்சுப் பிடித்துக்கொண்டு போவதும், மேலே வந்து குழாயில் தண்ணீரை ஊதித் தள்ளுவதும், மறுபடி முழுகுவதுமாக இருந்தான். மருதாசலம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிணற்று மேட்டில் எத்தனையோ தரம் பிடித்த கயிறுதான்.

என்ன சாமானாக இருக்கும்? தன் பெண்ணுக்கும் பெண்டாட்டிக்கும் இவனுக்கும் தெரிந்த, தனக்குத் தெரியக் கூடாத சாமான் என்ன? எடுத்ததும் காட்டுவானா, வேறு எங்காவது ஒளித்து வைத்துவிட்டுக் கிடைக்கவில்லை என்று கையை விரிப்பானா?

அவன் நாலாவதோ ஐந்தாவதோ முறை முழுகியபோது கயிறு ஒரு தடவை இழுபட்டது. தளர்த்திவிட வேண்டும். மருதாசலம் தளர்த்தவில்லை. தளர்த்தினால் பாறைக்கு அந்தப் பக்கம் போய்விடுவான், கண்ணுக்குத் தெரியாது. அங்கே என்ன செய்வானோ? கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு காலை ஊன்றி நின்றார்.

மறுபடி ஓர் இழுப்பு. இவர் விடவில்லை.

மறுபடியும். இந்த முறை அது இழுப்பாக இல்லை, உதறலாக இருந்தது. இடுக்கிலிருந்து நீர்க்குமிழி கொத்தாக மேலே வந்தது. குழாய் தனியாக மிதந்து வந்தது.

அப்போதுதான் மருதாசலத்துக்குப் புரிந்தது. கயிறு பையன் கையிலோ காலிலோ சுற்றியிருக்கிறது. தான் இறுக்க இறுக்க அது அவனைப் பாறையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறது. இழுப்பதா, விடுவதா? இருபது வருஷம் எதையும் விடாமல் பழகிய கை. மனசு விடு என்று சொல்லியும் கை ஒரு கணம் கேட்கவில்லை. பிறகு சுற்றைப் பிரித்துக் கயிற்றை அப்படியே விட்டார். அது பாறைமேல் சரசரவென்று ஓடித் தண்ணீருக்குள் போய் மறைந்தது.

"மாப்ள!" என்று கத்தினார். "கண்ணு! ஏய் கண்ணு!"

வேட்டியோடு குதிக்கப் போனார். பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தலை வந்தது. தமிழ்ச்செல்வன் பாறையைப் பிடித்துக்கொண்டு தண்ணீராக இருமினான். மருதாசலம் மண்டி போட்டுக் குனிந்து, அவன் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கி மேலே போட்டார். மணிக்கட்டில் கயிறு அறுத்த வரி சிவப்பாக ஓடியது, முழங்கை பாறையில் உரசிக் கிழிந்திருந்தது.

மூச்சு வந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை: "மன்னிச்சுக்கங்க மாமா. கரண்டிய உட்டுப்போட்டேன். கயிறு பாறையில மாட்டிக்கிச்சுங்க."

சாகக் கிடந்தவன் மன்னிப்புக் கேட்கிறான்!  இப்படி வெட்கப்பட்டு மருதாசலத்துக்குப் பழக்கமே இல்லை.

"பாறையில இல்ல கண்ணு" என்றார். "நான்தான் புடிச்சு வெச்சிருந்தேன்."

 தமிழ்ச்செல்வன் ஏன் என்று கேட்காமல் மணிக்கட்டில் கயிறு அறுத்த வரியைத் தடவிக்கொண்டான். 

"செவ்வந்தி இங்க வந்திருக்குதா?" என்று மருதாசலம் கேட்டார்.

இனி மறைக்க என்ன இருக்கிறது என்று பையன் சொல்லிவிட்டான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய கல்லூரியும் இவன் படித்த கல்லூரியும் சேர்ந்து சங்குமுனையில் என்.எஸ்.எஸ். முகாம் போட்டார்கள். கடைசி நாள் எல்லாரும் வாத்தியார்களோடு இந்தக் கரைக்கு நடந்து வந்தார்கள். இங்கே குளித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார ஜோடி கண்ணாடியைக் கொடுத்து ஆளாளுக்குத் தண்ணீருக்குள் பார்க்கச் சொன்னது. செவ்வந்தியும் பார்த்தாள். கழற்றும்போது ரப்பர்ப் பட்டை கழுத்துச் சங்கிலியில் மாட்டி இழுத்துவிட்டது. கொக்கி கழன்று சங்கிலி பாறை இடுக்கில் விழுந்ததை எல்லாரும் பார்த்தார்கள். யாராலும் எடுக்க முடியவில்லை.

"டீக்கடையில உக்காந்து அப்பிடி அழுதாங்க மாமா. ஊட்டுக்கே போகமாட்டேன்னாங்க. எங்கப்பா சங்கிலி போச்சுன்னு வெசனப்படமாட்டாரு, நான் யாருக்கோ குடுத்துட்டேன்னுதான் நெனைப்பாருன்னாங்க. அன்னைக்கு வரைக்கும் நான் அவங்களோட ஒரு வார்த்த பேசுனதில்லீங்க. நாந் தேடித் தாரனுங்கன்னு என்னமோ வாயில வந்துபோச்சு."

அலைச் சத்தத்துக்கு நடுவிலும் மருதாசலத்துக்கு அந்த ஒரு வாக்கியம் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது. யாருக்கோ குடுத்துட்டேன்னுதான் நெனைப்பாரு. பொய் என்று சொல்ல முடியுமா? அப்படித்தான் நினைத்திருப்பார். எந்த பஸ், எங்கே நின்றது என்று கேட்டே கொன்றிருப்பார். ரெண்டு வருஷமாகப் பெண்ணின் கழுத்தில் கவரிங் தொங்குகிறது. இடுப்பில் சொருகிய நூலை நடையிலேயே கண்டுபிடிக்கிறவருக்கு அது தெரியவில்லை.

"அந்தக் கண்ணாடியக் குடுங்க" என்றார்.

கிணற்றில் நீந்தி வளர்ந்த உடம்பு. தண்ணீர் உப்பாக இருந்ததைத் தவிர வேறு பயம் இல்லை. தனியாகக் கிடந்த குழாயை எடுத்துக் கடித்துக்கொண்டு குப்புற மிதந்தார். கிணற்றுத் தண்ணீரில் எட்டிப் பார்த்தால் தன் மூஞ்சிதான் தெரியும். இங்கே மூஞ்சியைத் தவிர எல்லாம் தெரிந்தது. மஞ்சளும் கறுப்புமாக மீன்கள் அவரைச் சட்டை பண்ணாமல் போயின. பாறை இடுக்கு கீழே போகப் போக இருட்டாகி, அடி தெரியவில்லை. அதன் வாயில், கைக்கு எட்டாத ஆழத்தில், கயிற்றின் முனை மட்டும் அப்படியும் இப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே மிதந்துவிட்டு மேலே வந்தார்.

"கடலு என்ன நம்ம லைன் ஊட்டுக் கெணறா மாப்ள? கரண்டியத் தூக்கிட்டு வந்திருக்கீங்க!"

சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பையனும் சிரித்தான். சிரித்துவிட்டு மறுபடி இருமினான்.

திரும்பும்போது மலைப்பாதையில் மருதாசலம் முன்னால் நடந்தார்.

வீட்டு வாசலில் செருப்பை விடும்போதே தெரிந்தது, உள்ளே ரெண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள் என்று. செவ்வந்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மாரியாத்தாள் முந்தானையில் கையைத் துடைத்தாள், துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

"போன காரியம் என்னாச்சுங்க?"

மருதாசலம் நேராகச் சமையலறைக்குப் போய் அந்தப் பித்தளைச் செம்பை எடுத்துக்கொண்டு வந்தார். நடுவீட்டில் வைத்தார்.

"கரண்டி வாங்கீட்டுப் போனவங்க அதக் கடல்ல உட்டுப்போட்டாங்க. இனி வராது."

மாரியாத்தாளின் முகம் பேயறைந்ததுபோல் ஆகிவிட்டது. செவ்வந்தி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"கரண்டி வரலீன்னா பாத்தரம் நம்முளுது. இந்த ஊட்டுச் சட்டம் அதுதான?" என்றார் மருதாசலம். "நல்லாப் புளி போட்டு வெளக்கி வெய்யி. லட்சுமணசாமி ஊட்டுக்காரங்க நிச்சயத்துக்கு வாரப்ப இதுலதான் தண்ணி குடுக்கோணும்."

மாரியாத்தாள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. மருதாசலம் மகள் பக்கம் திரும்பினார். கழுத்தில் பின்பக்கமாக, சங்கிலி படுகிற இடத்தில், கறுத்த கோடு ஒன்று இருந்தது. இத்தனை நாளும் அது அங்கேயேதான் இருந்திருக்க வேண்டும்.

"அதக் கழட்டிப்போடு கண்ணு" என்றார். "கழுத்து கறுத்துப் போச்சு பாரு."

மெதுவாகச் சொன்னதாகத்தான் அவர் நினைத்தார். ஆனால் செவ்வந்தி பதறிப்போய் ரெண்டு கையையும் தூக்கிக் கழுத்துக்குப் பின்னால் கொக்கியைத் தேடினாள். முழங்கையை உயர்த்தி, தலையைக் குனிந்து, கண்ணை மேலே எடுக்காமல் நின்றாள். ஷிப்ட் முடிந்து கேட்டில் அவருக்கு முன்னால் பெண்கள் அப்படித்தான் நிற்பார்கள். தினமும் பார்க்கிற நிலைதான். தன் வீட்டில், தன் பெண் அப்படி நின்று அவர் இன்றைக்குத்தான் பார்த்தார்.

மருதாசலம் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு வெளியே போனார். வாசல் சுவரில், கரண்டி மாட்டியிருந்த ஆணி வெறுமனே இருந்தது. அதன் பக்கத்தில் நின்றுகொண்டு, உள்ளே பார்க்காமலே குரல் கொடுத்தார்.

"அவசரம் ஒண்ணுமில்ல கண்ணு. மெதுவாக் கழட்டு. நான் பாக்குல."